மணல் டிரம்: 58ஆம் நாள்

எங்கள் கிணறு கீழ்பவானி வாய்க்கால் கசிவில் ஊறுவது. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கிணறு நிறையும், கலங்கலும் சேர்ந்தே வரும். கரண்ட் இல்லாமல் ஓடுகிற வடிகட்டி வேண்டும் என்று மார்கழித் தொடக்கத்தில் இந்த உயிர்மணல் வடிகட்டியில் இறங்கினேன். மணல் வழியே தண்ணீரை மெல்ல இறக்கி வடிக்கும் பழைய மெதுமணல் முறையை வீட்டளவுக்குச் சுருக்கியவர் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்து டேவிட் மான்ஸ்.

ஆற்று மணலுக்கு அலையவில்லை. குவாரியில் உடைத்த எம்-சாண்டே போதும். சலித்து அலசுவதற்குள் இடுப்பு ஒடிந்தது. முழுக்கத் தெளியும்வரை அலசவும் கூடாது, நுண்மணல் போய்விட்டால் தண்ணீர் விறுவிறுவென இறங்கிவிடும். டிரம்மின் அடியில் சல்லி, அதன்மேல் பொடிச்சல்லி, மேலே 55 செ.மீ. மணல்.

பிழை விட்டது வெளிக்குழாயில். அதன் வாய் மணல்மட்டத்துக்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஊற்றாத நேரத்தில் அவ்வளவு தண்ணீர்தான் மணல்மேல் நிற்கும். கூடுதலாக நின்றால் என்ன கெட்டுவிடும் என்று 12 வைத்தேன். மணலின் மேல்பரப்பில் படரும் நுண்ணுயிர்ப் படலம்தான் கிருமிகளைத் தின்கிறது. நிற்கும் தண்ணீர் வழியாகத்தான் அதற்குக் காற்று இறங்க வேண்டும். ஆழம் கூடினால் மூச்சு முட்டிவிடும். 11ஆம் நாள் பைப்பை அறுத்துச் சரிசெய்தேன்.

படலம் தேற ஒரு மாதம் வரை ஆகும். தினமும் ஒரு குடம் ஊற்றியது அம்மிச்சி. “மாட்டுக்குப் போல இதற்கும் நேரத்துக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமா கண்ணு?” என்று கேட்டார். ஆமாம், 48 மணி நேரத்துக்கு மேல் பட்டினி போடக் கூடாது.

42ஆம் நாள் சோதனைப் புட்டியில் வடித்த தண்ணீரை ஊற்றி இரண்டு நாள் வைத்தேன். கருக்கவில்லை. கருத்தால் மலக்கிருமி இருக்கக்கூடும் என்று பொருள். அந்தக் குஷியில் தைப்பூசத்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் பழனிக்கு நடந்தோம். மாடுகளைப் பக்கத்துத் தோட்டத்தில் ஒப்படைத்தோம். டிரம்மைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஆறு நாள் கழித்து வந்து சோதித்தால், புட்டி மை போலக் கருத்தது.

இப்போது மறுபடி தினமும் ஒரு குடம். மிஞ்சும் கிருமி சாக, வடித்ததைப் பெட் பாட்டில்களில் நிரப்பித் தகரக் கூரைமேல் ஆறு மணி நேரம் வெயிலில் கிடத்துகிறேன். படலம் தேறினாலும் இதை விடப்போவதில்லை. போர்வெல் தண்ணீரின் உப்புக்கு மட்டும் இந்த மணலிடம் மருந்தில்லை, கேட்டு வருகிறவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த புட்டி 80ஆம் நாள். அதுவரை ஊருக்குப் போவதென்றால் அம்மிச்சியிடம் உத்தரவு வாங்க வேண்டுமாம்.