மாத்திரையும் பேச்சும்: ஒரு தோட்டப்புற நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள். சுங்கை சிப்புட், மலேசியா

பாலியல் நாட்டம் வேறு மாதிரி (பொது இடத்தில் உடலைக் காட்டத் தோன்றுவது போல) இருப்பதாலேயே அது நோயாகிவிடாது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு) இதைப் பிரித்துச் சொல்கிறது: நாட்டம் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். அதோடு அது அந்த ஆளை வதைக்க வேண்டும், வாழ்க்கையைக் குலைக்க வேண்டும், அல்லது சம்மதிக்காதவர் மேல் செயலாக விழ வேண்டும். அப்போதுதான் கோளாறு. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒருவர் அகப்பட்டால் முதலில் அடி, பிறகு மந்திரிச்ச கயிறு, கடைசியில்தான் கிளினிக். இந்த வரிசை தலைகீழாக வேண்டும்.

முதல் அமர்விலேயே ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். மலேசியாவின் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017இன்படி, அப்படியொரு குற்றம் தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம். பேச வந்தவருக்கு இது பாதியில் தெரியக்கூடாது.

மார்ச் 12, புதன்

மிதமான நிலையில் பெரும்பாலும் மனச்சோர்வு மாத்திரைகளான ஃபுளூவாக்ஸெட்டின் அல்லது செர்ட்ராலின்; பாலியல் வேகத்தையும் இவை தணிக்கும். ஃபுளூவாக்ஸெட்டினை 20 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் 60 வரை மருத்துவர் ஏற்றுவார். காலையில் பசியாறிய பிறகு போடுவது நல்லது; வெறும் வயிற்றில் குமட்டும், இரவில் போட்டால் தூக்கம் கெடும். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். இரண்டாம் வாரமே "மருந்து கேட்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். செர்ட்ராலினைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். ஃபுளூவாக்ஸெட்டின் உடம்பில் அதிக நாள் தங்குவதால் ஒரு வேளை மாத்திரை தவறினாலும் அவ்வளவு பாதிக்காது. இருமுனைக் கோளாறு உண்டா என்று முன்பே கேட்காமல் கொடுத்தால் வெறிநிலை (கட்டுக்கடங்காத உற்சாகம்) கிளம்பி, பாலியல் வேகம் கூடிவிடக்கூடும்.

மாத்திரை ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கும், ஸ்டேஷனை மாற்றாது. சத்தம் குறைந்த அந்த வாரங்களில்தான் பேச்சு காதில் ஏறும். அதனால் பேச்சு சிகிச்சையை மருந்தோடேயே தொடங்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளக்கூடாது. சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா என்று அம்மாமார் கேட்பதுண்டு. கூடவே கூடாது. தெரியாமல் விழுங்கியவரோடு எந்தப் பேச்சும் நடக்காது.

மார்ச் 20, வியாழன்

அமர்வின் உயிர் சங்கிலித் தாள்: தவறு வரை கொண்டுபோன ஒவ்வொரு படியையும் வரிசையாக எழுதும் தாள். பொது இடத்தில் உடலைக் காட்டும் பழக்கம் உள்ளவருக்கு அது இப்படி வரும்: சம்பள நாள், மண்டோரின் (மேற்பார்வையாளரின்) ஏச்சு, சம்சு (மலிவுச் சாராயம்), வீட்டில் சண்டை, "காத்து வாங்கிட்டு வரேன்", பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் குறுக்குப் பாதை. ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில் மனதில் ஓடிய நினைப்பை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். 'சும்மாதான் நடந்தேன்' என்ற வரியை அப்படியே விடக்கூடாது. முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிட்டது. பாதையின் முனையில் தடுப்பது கஷ்டம், சம்சுவுக்கு முன்னால் தடுப்பது சுலபம். சம்பளம் நேராக வங்கிக்குப் போகட்டும், அன்று மாலை அண்ணன் வீட்டில் சாப்பாடு, நடப்பதென்றால் பெரிய ரோட்டில். இதை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். தடுப்பு மட்டும் போதாது. மரியாதை, துணை, வேலை இவற்றை நேர்வழியில் அடையவும் அதே தாளில் இடம் வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பிறருக்கு ஆபத்து அதிகம் என்றால் நிபுணர் ஆண் ஹார்மோனைக் குறைக்கும் மருந்துக்குப் போவார், எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு. டிரிப்டோரெலின் 11.25 மில்லிகிராம் ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) குறையாமல் ஏறும். அந்த இடைவெளியை, ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் சைப்ரோடிரோன் மாத்திரையால் மூடுவார்கள், அமர்வுகளையும் அப்போது நெருக்கி வைக்க வேண்டும். சைப்ரோடிரோனுக்கு ஈரல் பரிசோதனை கட்டாயம். அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் மூளையுறைக் கட்டி வரும் அபாயமும் உண்டு. ஊசி எலும்பை மெலிய வைக்கும், ஆகவே எலும்பு அடர்த்தி ஸ்கேன் முன்பே எடுத்து, பிறகும் கண்காணிக்க வேண்டும். எலும்பு வளர்ச்சி முடியாத இளவயதினருக்கு இது வேண்டாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது மனச்சோர்வு. ஆள் அமைதியாகிவிட்டால் வீட்டார் "திருந்திட்டான்" என்று நிம்மதியாகிறார்கள். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, சாகும் எண்ணம் வருகிறதா என்று ஒவ்வொரு அமர்விலும் நேராகக் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஊசியை நிறுத்தினால் சில மாதங்களில் டெஸ்டோஸ்டிரோன் திரும்பும், வேகமும் திரும்பும். மருந்தையும் பேச்சையும் ஒரே நேரத்தில் முடிப்பது பெரிய தவறு. மருந்தைப் படிப்படியாகக் குறைக்கும்போது அமர்வுகளைக் கூட்டி, சங்கிலித் தாளைப் புதிதாக எழுத வேண்டும். அடுத்த ஊசித் தேதியும் அடுத்த அமர்வுத் தேதியும் ஒரே அட்டையில் இருக்கட்டும். ஊசி போடுகிறவரும் பேசுகிறவரும் அந்த அட்டையில் குறிப்பு எழுதிக்கொள்ளலாம்.