கழிவுநீரில் வளரும் மீன்கள்: கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம்

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் சுமார் 12,500 எக்டேர் பரப்பில் விரிந்துள்ள ஈரநிலத்தைப் போல என்னை வியக்க வைத்த சுத்திகரிப்பு முறை வேறொன்றில்லை. நகரத்தின் சாக்கடை நீர் கால்வாய்கள் வழியாக இங்குள்ள 'பேரி' எனப்படும் மீன்குளங்களுக்கு வந்து சேர்கிறது.

குளங்கள் ஆழமற்றவை என்பதால் வெயில் உள்ளே நன்றாக இறங்குகிறது. நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைக்க, அதிலிருந்து வெளிப்படும் சத்துகளை உண்டு பாசி பெருகுகிறது, பாசி விடும் ஆக்சிஜன் அந்த நுண்ணுயிரிகளுக்கே மீண்டும் உதவுகிறது. பெருகும் பாசியை ரோகு, கட்லா, திலேப்பியா போன்ற மீன்கள் தின்று மட்டுப்படுத்துகின்றன. நீரின் நிறத்தைப் பார்த்தே எப்போது மடையைத் திறப்பது, எப்போது அடைப்பது என்று மீனவர்கள் முடிவு செய்கிறார்கள். நாம் தொல்லையாகக் கருதும் ஆகாயத்தாமரையைக் கரையோரம் வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். அது அலையிலிருந்து கரையைக் காப்பதோடு உலோகங்களையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல்வயல்களுக்குப் பாய்கிறது.

மீனவர்களின் இந்த அறிவை 1980களில் உலகறியச் செய்தவர் பொறியாளர் துருபஜோதி கோஷ். 2002இல் இந்த ஈரநிலம் ராம்சர் தளமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆனாலும் கட்டடங்கள் நெருங்கி வருவது கவலையளிக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியத்தைப் பாசியால் சிதைக்க இயலாது; ஆலைக் கழிவை வீட்டுக் கழிவுநீருடன் கலக்கவிடாமல் அங்கேயே தடுத்தாக வேண்டும்.