மதனமோகனை அடகு வைத்த ஊரில்

சென்ற டிசம்பர் பள்ளி விடுமுறையில் அம்மாவை அழைத்துக்கொண்டு மேற்கு வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் இருக்கும் பிஷ்ணுபூருக்குப் போய் வந்தேன். விஷ்ணுபுரம் என்பதுதான் வங்காளிகளின் நாவில் வகரம் பகரமாகி பிஷ்ணுபூர் ஆகியிருக்கிறது. சிங்கப்பூரில் வாரந்தவறாமல் தேக்காவுக்குச் சென்று வீரமாகாளியம்மனைத் தரிசித்துவிட்டு வரும் அம்மாவுக்குக் காளியின் நாட்டைப் பார்க்கவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால் நான் அவரை அழைத்துப்போனதோ, கிருஷ்ணனுக்கென்று மல்ல அரசர்கள் செங்கல்லும் செம்புரைக்கல்லும் கொண்டு ஊர் முழுக்கக் கோவில் எழுப்பிய இடத்துக்கு. காளிகட்டம், தட்சிணேசுவரம் இரண்டையும் முதல் இரண்டு நாட்களில் முடித்துவிட்டதால் அம்மா மறுப்புச் சொல்லவில்லை.

கொல்கத்தாவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். நிலையத்துக்கு வெளியே இறங்கியதும், "டோட்டோ, டோட்டோ" என்று நான்கைந்து பேர் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். சிங்கப்பூர்க்காரர்களுக்கு டோட்டோ என்றால் வியாழனும் திங்களும் குலுக்கும் லாட்டரிதான் நினைவுக்கு வரும் என்பதால் அம்மா சற்றே திகைத்துப்போனார். அங்கே அது மின்கலத்தில் ஓடும் மூன்று சக்கர வண்டியின் பெயர்.

முதலில் போனது ராசமஞ்சத்துக்கு. 1600ஆம் ஆண்டு வாக்கில் பீர் ஹம்பீர் என்ற மல்ல அரசர் கட்டியது. அகன்ற செம்புரைக்கல் மேடைமீது வளைவு வாயில்கள் வரிசை வரிசையாக நிற்க, நடுவே கூரை பிரமிடு போலப் படிப்படியாகக் குறுகி எழுகிறது. இது கோவிலன்று. கண்ணன் கோபியரோடு ஆடியதைக் கொண்டாடும் ராச உற்சவத்தின்போது ஊரிலுள்ள வைணவக் கோவில்களின் திருமேனிகளையெல்லாம் இங்கே கொண்டுவந்து மக்கள் பார்வைக்கு வைப்பார்களாம். 1932 வரை இந்த வழக்கம் நடந்திருக்கிறது. திருநாங்கூரில் பதினொரு பெருமாள்கள் கருட வாகனத்தில் ஒன்றுகூடும் தை மாதத்து இரவை நினைத்துக்கொண்டால் ராசமஞ்சம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது சட்டென்று விளங்கிவிடும். நுழைவுச்சீட்டு வாங்குமிடத்தில் எங்கள் கடப்பிதழைப் பார்த்துவிட்டு வெளிநாட்டவர் கட்டணம் கேட்டார்கள். "என் முகத்தைப் பார்த்தால் வெளிநாட்டுக்காரி மாதிரியா இருக்கு?" என்று அம்மா தமிழில் கேட்டது அவர்களுக்குப் புரியாமல் போனது நல்லதாயிற்று.

பீர் ஹம்பீரைப் பற்றி ஒரு கதை உண்டு. பிருந்தாவனத்திலிருந்து வைணவ ஏடுகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த சீனிவாச ஆசாரியரை, பொன்னும் பொருளும் இருக்குமென்று நம்பி அரசனின் ஆட்களே வழிமறித்துக் கொள்ளையடித்தார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஓலைகள். ஏட்டைத் தேடி அரசவைக்கே வந்த ஆசாரியரின் பாகவத விளக்கத்தைக் கேட்ட ஹம்பீர், அவர் காலில் விழுந்து சீடனானான் என்கிறார்கள். நீலனாகிய திருமங்கை மன்னன் திருமணக் கோலத்தில் வந்த பெருமாளையே வழிப்பறி செய்யப்போய் ஆழ்வாரான கதையோடு வளர்ந்த நமக்கு இது அன்னியமான கதையாகத் தோன்றாது.

அந்த ஹம்பீரின் மகன் ரகுநாத சிங்கர் 1643இல் கட்டியது சியாம்ராய் கோவில். கல்வெட்டிலுள்ள ஆண்டு 949. தமிழகத்தின் தென்கோடிக் கல்வெட்டுகளில் கொல்லம் ஆண்டு வருவதைப்போல இங்கே மல்லர்களுக்கென்றே ஓர் ஆண்டுக்கணக்கு இருந்திருக்கிறது. அது கி.பி. 694இல் தொடங்குகிறது. நான்கு மூலைகளிலும் நான்கு கோபுரங்கள், நடுவில் ஒன்று, ஆக ஐந்து 'ரத்தினங்கள்' கொண்ட கோவில். வெளியே, உள்ளே, தூணில், வளைவின் அடியில் என்று சுடுமண் பலகை பதிக்காத இடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப்பார்க்கவேண்டும்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஆவலோடு உள்ளே எட்டிப்பார்த்த அம்மா, அதே வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்னடா, உள்ளே சாமியே இல்லை?"

இல்லைதான். சியாம்ராயும் அதே ஊரின் இன்னொரு கோவிலான ஜோர் பங்களாவும் இன்று தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் சின்னங்கள். மூலவர் இல்லை, விளக்கு இல்லை, கற்பூர மணமும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்குக் கண்டு, சுதைச் சிற்பங்கள் புதுவண்ணம் பூசிக்கொண்டு நிற்பதையே பார்த்துப் பழகிய எங்களுக்கு, நானூறு ஆண்டு வெயிலும் மழையும் பட்டுச் செங்காவி நிறத்தில் மௌனமாக நிற்கும் ஒரு கோவிலை எப்படிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. அம்மா செருப்பை மறுபடி மாட்டிக்கொள்ளலாமா என்று யோசித்ததை நான் கவனித்தேன். மாட்டிக்கொள்ளவில்லை.

சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவிலின் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன் நான். அங்கே மேல்நிலைகளில் இருப்பவர் யார் எவர் என்று இன்றுவரை எனக்கு முழுவதும் தெரியாது, கழுத்து வலிப்பதற்குள் பார்வையை இறக்கிவிடுவேன். சியாம்ராய் கோவிலின் சுவரோ கணுக்கால் உயரத்திலேயே பேசத் தொடங்கிவிடுகிறது. அன்னங்கள், வேட்டைக்குப் போகிறவர்கள் என்று கீழ்வரிசை ஓட, கண்ணுக்கு நேரே ராதையும் கண்ணனும் நடுவில் நிற்க வட்டத்துக்குள் வட்டமாகக் கோபியர் கைகோத்து ஆடும் ராசமண்டலம். வட்டத்தில் ஒருத்திக்கு முழங்கைக்குக் கீழே கை உதிர்ந்துபோயிருந்தது. ஆனாலும் பக்கத்தில் நிற்பவளின் விரல்கள், அங்கே இல்லாத அந்தக் கையைப் பற்றிய நிலையிலேயே வளைந்திருந்தன. உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய அந்தச் சிறு உருவத்தின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன்.

கங்கைச் சமவெளியில் கருங்கல்லுக்குப் பஞ்சம், வண்டல் மண்ணுக்குக் குறைவில்லை. ஆகவே அங்குள்ள சிற்பிகள் களிமண்ணில் உருவம் செதுக்கிச் சுட்டுச் சுவரில் பதித்தார்கள். கூரையைக்கூடச் சுற்றுப்புறத்துக் குடிசைகளைப் பார்த்தே அமைத்திருக்கிறார்கள். மூங்கில் வளைத்து வைக்கோல் வேய்ந்த குடிசையில் மழைநீர் தங்காமல் வழியும் அதே வளைவு செங்கல்லில் வந்திருக்கிறது. 1655இல் கட்டிய ஜோர் பங்களா, அப்படிப்பட்ட இரண்டு குடிசைகளை ஒட்டவைத்து மேலே சிறு கோபுரம் ஒன்றை அமர்த்தியது போன்ற கட்டடம். இந்த வங்காளத்துக் குடிசையின் பெயர்தான் ஆங்கிலேயர் வழியாக உலகம் சுற்றிப் 'பங்களா' ஆயிற்று. கோடிக்கணக்கான வெள்ளிக்குக் கைமாறும் சிங்கப்பூர்ப் பங்களாக்களின் முன்னோர் வைக்கோல் கூரை போட்டவர் என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

ஜோர் பங்களாவின் சுவரில் படகுகள், துப்பாக்கி ஏந்திய வீரர்கள், இராமாயணக் காட்சிகள் என்று ஒவ்வொன்றாக நான் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, அம்மா ஓரிடத்தில் நின்று கையால் என்னைக் கூப்பிட்டார். "பீஷ்மர்டா. அம்புப் படுக்கை." பிறகு, உத்தராயணத்துக்காக அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்ததையும், அர்ச்சுனன் பூமியில் அம்பெய்து தண்ணீர் வரவழைத்ததையும், நான் கேட்டேனா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல் முழுவதுமாகச் சொல்லி முடித்தார்.

செம்புரைக்கல்லில் கட்டிய லால்ஜி, ராதேசியாம் கோவில்களை வெயிலின் காரணமாக மேலோட்டமாகத்தான் பார்த்தோம். வெளியே கிடக்கும் தல்மாதல் பீரங்கியிடம் மட்டும் வண்டிக்காரர் கட்டாயம் இறங்கவேண்டும் என்றார். 1742இல் மராட்டியப் படை ஊரை முற்றுகையிட்டபோது, அரசர் கோபால சிங்கர் போருக்குப் புறப்படாமல் மக்களை அவ்வூர்க் கிருஷ்ணனான மதனமோகனின் நாமத்தைச் சொல்லி வேண்டச் சொன்னாராம். இரவில் மதனமோகனே எழுந்து வந்து பீரங்கியை வெடித்துப் பகைவரை விரட்டினான் என்பது ஊரார் நம்பிக்கை.

மாலையில் அந்த மதனமோகன் கோவிலுக்குப் போனோம். 1694இல் துர்ஜன சிங்கர் கட்டியது. ஒற்றைக் கோபுரம், சுவரெல்லாம் சுடுமண் சிற்பம். இங்கே பூசை உண்டு. மணியோசை காதில் விழுந்ததும் அம்மாவின் முகமே மாறிவிட்டது. ஆனால் பழைய திருமேனி இங்கில்லை. வழக்குகளாலும் கடனாலும் நொடித்துப்போன சைதன்ய சிங்கர் என்ற பின்னாளைய அரசர், கொல்கத்தாவின் பாக்பஜாரில் இருந்த கோகுல மித்திரர் என்ற செல்வரிடம் மதனமோகனை அடகு வைத்தாராம்; மூலத் திருமேனி திரும்பி வரவேயில்லை என்று சொல்கிறார்கள். இதை நான் சொன்னபோது அம்மா அதிர்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன்.

"சாமியையே வைக்கிற அளவுக்கு அந்த ராஜாவுக்கு என்ன கஷ்டமோ" என்றார். நான் தொடக்கக்கல்லூரியில் சேர்ந்த ஆண்டு சிராங்கூன் சாலை அடகுக்கடைக்குப் போய்வந்த அவருடைய இரட்டைவடச் சங்கிலி அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

அர்ச்சகர் துளசியும் நான்கைந்து பத்தாசாவும் கொடுத்தார். சர்க்கரைப்பாகை வட்டமாக வார்த்து உலர்த்திய, வாயிலிட்டதும் கரையும் மிட்டாய் அது. ஒன்றை எனக்குத் தந்துவிட்டு மற்றவற்றை அம்மா புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அவற்றில் இரண்டு இப்போதும் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சாமி அலமாரியில், எறும்பு வராமலிருக்க ஒரு பழைய மைலோ டப்பாவுக்குள் இருக்கின்றன.