மஞ்சள் வேகும் இடமும் மஞ்சள் ஒடிக்கும் இடமும்

தை பிறந்து மஞ்சள் வெட்டு தொடங்கிவிட்டால், ஈரோட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு நீராவிக் கொதிகலன் டிராக்டரில் வந்து இறங்குகிறது. அதற்கு முந்தைய முறையில், பெரிய இரும்புக் கொப்பரையில் தண்ணீர் விட்டு, மஞ்சளைக் கொட்டித் தழையால் மூடி, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேக வைப்பார்கள். நுரை பொங்கி மணம் எழுந்ததும் ஈர்க்கால் குத்திப் பார்ப்பார்கள். தடையின்றி இறங்கினால் அதுதான் பதம். ஆனால் அடியில் கிடப்பது குழைந்துபோகும், மேலே கிடப்பது அரைவேக்காடாக நிற்கும், நிறமும் சீராக வராது. 2019ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளுக்கு நிறம்தானே விலை!

கொதிகலனில் தண்ணீர் தனியே கொதிக்க, நீராவி மட்டும் குழாய் வழியே மஞ்சள் நிரப்பிய டிரம்முக்குள் புகுகிறது. விறகும் தண்ணீரும் மிச்சமாகின்றன. வேக்காடும் சீராக அமைகிறது. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் தேவைப்படும் இந்த இயந்திரத்தை எல்லோரும் வாங்கி வைக்க வேண்டியதில்லை என்பதைத்தான் இதன் பெரிய சிறப்பாக நான் கருதுகிறேன். ஒருவர் வாங்கித் தோட்டம் தோட்டமாக வாடகைக்கு ஓட்டுகிறார். சில்லறைப் பழுதை உள்ளூர்ப் பட்டறையே பார்த்துவிடும். (பாதுகாப்பு வால்வில் மட்டும் கைவைத்தியம் கூடாது.) பிறகு 10 முதல் 15 நாள் களத்தில் காய்ந்த மஞ்சளை மெருகேற்ற, கையால் சுற்றிய டிரம்முக்கும் மோட்டார் வந்துவிட்டது.

ஆனால் வேக வைப்பதற்கு முன் நடக்கும் வேலையைப் பாருங்கள். நடுவில் தடித்திருக்கும் தாய்க்கிழங்கு வேக அதிக நேரம் பிடிப்பதால், அதிலிருந்து விரல்போல் கிளைக்கும் விரலியை முதலில் பிரித்தாக வேண்டும். வெட்டிப் போட்ட மஞ்சள் கொத்துகளின் மண்ணைத் தட்டி, வேரைக் கிள்ளி, விரலியை ஒடித்துப் போடும் பெண்கள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பொழுதுக்கும் வெயிலில் குத்தவைத்தே இருக்கிறார்கள். விறகுச் செலவு தோட்டக்காரருடையது, அதனால் அதைக் குறைக்க இயந்திரம் வந்தது. முட்டிவலி கூலிக்காரருடையது, அதற்குக் கணக்கு எழுதுவோர் இல்லை.

இதற்கு உடனே பெரிய இயந்திரம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இயந்திரம் வந்து நாள்கூலியே போய்விட்டால் அது அவர்களுக்கு உதவியாகாது. ஒரு சாண் உயர மணையும், இடம் மாற்றி ஊன்றக்கூடிய நிழல்வலைப் பந்தலும் போதும். இவற்றைக் கொதிகலன்காரரே வாங்கி வைத்து, மஞ்சள் வெட்டும் நாளிலேயே தோட்டத்துக்கு அனுப்பி, தம் வாடகையோடு சேர்த்துக்கொள்ளலாம். மணையின் உயரத்தை மட்டும், அதில் உட்காரப் போகும் பெண்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.