30 நாளா, 35 நாளா

பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடக்கும் முன், அதை ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கேனரித் தீவுகளில் கட்டிவிட்டு, விடைபெற்றுக்கொள்ள நாங்கள் இருவரும் ஊருக்குப் போனோம். இரண்டு மாதம் தண்ணீரிலேயே இருந்ததில், முதல் நாள் பெரியம்மா வீட்டுக் குளியலறையில் கண்ணை மூடி முகம் கழுவினால் தரை ஆடுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரிடம் சொல்லவில்லை.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: எந்தத் தேதிக்குப் போய்ச் சேருவீர்கள்? பாய்மரப் படகில் போகிறவர்களால் பருவம்தான் சொல்ல முடியும். வட அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் ஜூன் முதல் நவம்பர் முடிய. அது அடங்கி, கிழக்கிலிருந்து சீராக அடிக்கும் வியாபாரக் காற்று நிலைத்தால் கரீபியன் வரை சுமார் 2,700 கடல் மைல், ஏறக்குறைய மூன்று வாரம். பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஜனவரி முதல் தேதி" என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

அக்கா வீட்டில்தான் சங்கடம். அங்கே கையில் ஒரு தாளோடு போயிருந்தேன். படகில் இபிஆர்பி என்று ஒரு கருவி உண்டு. ஆபத்தில் அதை இயக்கினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி போகும். பதிவு செய்யும்போது கரையில் இருக்கும் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் கேட்பார்கள். சிக்னல் வந்தால் மீட்பு மையம் அவரைக் கூப்பிட்டு, படகு நிஜமாகவே கடலில் இருக்கிறதா, எத்தனை பேர் என்று விசாரிக்கும்.

"உன் நம்பரைக் கொடுக்கட்டுமாக்கா?" என்று கேட்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தாள். படகின் நீளம், நிறம், போகும் வழி, தண்ணீர் 240 லிட்டர் (ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், இரண்டு பேர், 30 நாள்). கடைசி வரியில் விரல் நின்றது: '35 நாளாகியும் செய்தி இல்லையென்றால் தேடச் சொல்லவும்.'

"தண்ணி 30 நாளுக்குத்தான் இருக்கு. நான் மட்டும் 35 நாள் சும்மா இருக்கணுமா?"

பேனாவை எடுத்து 35-ஐ அடித்து 30 என்று எழுதினாள். பதில் சொல்ல முடியவில்லை. கணக்கு அவள் பக்கம்.

"மேப்புல உங்க படகைக் காட்டுற புள்ளி நகராம நின்னுட்டா?"

"இடத்தை அனுப்புற கருவி நின்னுடுச்சுன்னு அர்த்தம்க்கா. படகு நின்னுடுச்சுன்னு இல்ல."

நம்பவில்லை.

அப்புறம் அவளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கினோம். முதல் இரவு மழை, அதை விடுங்கள். இரண்டாம் இரவு வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. அடிவானத்திலிருந்து துருவ நட்சத்திரம் எத்தனை பாகை உயரமோ, அதுதான் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. எட்டு வயதுக்காரன் எண்ணினான், நானும் எண்ணினேன். இரண்டும் ஒன்றாகவே வந்தது. அவன் முஷ்டி சின்னது, ஆனால் கையும் குட்டைதானே.

"நீங்க தெற்கே போகப் போக இது இறங்குமா சித்தி?"

"இறங்கும். பூமத்திய ரேகையில அடிவானத்தைத் தொட்டுடும்."

அக்கா எதுவும் பேசாமல், தானும் முஷ்டியை நீட்டி ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள்.

இப்போது மறுபடி படகில். எல்லாரிடமும் அழுது, கட்டிப்பிடித்து, கையசைத்து வந்தாயிற்று. ஆனால் நாலு நாளாகத் தென்மேற்குக் காற்று, போக வேண்டிய திசையிலிருந்தே அடிக்கிறது. துறையில் கட்டியபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை அக்கா கூப்பிட்டாள். "அந்த 30 நாள் எப்போலேருந்து? எங்ககிட்ட சொல்லிட்டுக் கிளம்பினதுலேருந்தா, கயிறு அவிழ்த்ததுலேருந்தா?"

கயிறு அவிழ்த்ததிலிருந்து என்றேன்.

"தாள்ல அதை எழுதலையே" என்றாள்.