காது ஒப்பாத ஆழம்

கடற்படையின் நீர்மூழ்கிப் பிரிவுக்கு விருப்பம் எழுதிக் கொடுத்தபோது, தோற்றால் எழுத்துத் தேர்வில்தான் தோற்பேன் என்று நினைத்திருந்தேன். ஒடிசாவின் சில்காவில் அடிப்படைப் பயிற்சி முடித்து, தொடர்புப் பிரிவு மாலுமியாகச் சில ஆண்டுகள் கப்பலில் இருந்த எனக்கு உடம்பைப் பற்றிச் சந்தேகமே இல்லை. விசாகப்பட்டினத்தில், நீர்மூழ்கிக்கான உடல் சோதனையில், அழுத்த அறைக்குள் காற்றழுத்தத்தை ஏற்றத் தொடங்கியதும், மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பை நீக்குவது மற்றவர்களுக்கு நொடியில் கைகூடியது, எனக்குக் கைகூடவில்லை. இரண்டு நாளாக இருந்த சளியை மறைத்துவிட்டுப் போயிருந்தேன். இடது காதில் ஊசி இறங்கியது போன்ற வலி, பிறகு வெதுவெதுப்பான கசிவு. செவிப்பறை கிழிந்திருந்தது.

மருத்துவத் தகுதியைத் தற்காலிகமாகக் குறைத்து, 24 வாரங்கள் கழித்து மறுபரிசோதனை என்றார்கள். அதுவரை கப்பலும் கிடையாது. என் தாத்தா தூத்துக்குடியில் கல்லோடு கயிற்றில் இறங்கி முத்துக் குளித்தவர். உரக்கக் கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். சிறுவயதில் அதைக் கேலி செய்திருக்கிறோம் என்பது பஞ்சு அடைத்த காதோடு படுத்திருந்தபோதுதான் உறைத்தது.

அம்மா பனிமய மாதாவிடம் நேர்ந்துகொண்டார். எனக்கோ கோபத்தில் ஜெபமே வரவில்லை. குணமாக்கும்படி கேட்பதை விட்டுவிட்டு, அன்றன்றைய வலியை மட்டும் சொல்லத் தொடங்கிய பிறகுதான் ஜெபமாலை கையில் நின்றது. ராஜாஜியின் யோசனைப்படி கடற்படை ஏற்றுக்கொண்ட ‘சம் நோ வருண’ என்ற வாசகத்தை அத்தனை ஆண்டுகளும் சின்னத்தில் பார்த்திருந்தும், வருணன் எங்களுக்கு நன்மை அருளட்டும் என்ற அதன் பொருளை அந்த நாட்களில்தான் யோசித்தேன். ஒரு படையின் வாசகம், ஆனால் அதில் வீரம் பேசும் சொல் ஒன்றுகூட இல்லை. வருணனை நினைத்ததற்காக மாதா கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள்.

செவிப்பறை ஆறியது. கப்பலுக்குத் தகுதி திரும்பியது. நீர்மூழ்கிக்கு இல்லை என்று முடிவாக எழுதிவிட்டார்கள். பிறகு வந்த மாற்றல் உத்தரவு, திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை வானொலி நிலையத்துக்கு. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் கடல்நீரைச் சில பத்து மீட்டர் ஊடுருவும் என்பதால், மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக்கு அங்கிருந்து செய்தி போகும்.

என்னோடு அழுத்த அறையில் உட்கார்ந்து தேறிய நண்பன் ஒருமுறை விடுப்பில் வந்தான். எங்கே போயிருந்தான் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீர்மூழ்கி வீரர்கள் அணியும் டால்ஃபின் சின்னத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, “உங்க சிக்னல் நல்லாக் கேட்டுச்சுடா” என்றான்.