கொலுசுப் பட்டறையில் போரான்

செல்லின் ஆற்றலை வெப்பமாகக் கசியவிடக்கூடிய ஒரு போரான் சேர்மத்தைப் பற்றிச் சொல்லிவந்த நான், சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசைப் பற்றவைக்கும் முன் தடவும் வெங்காரத்திலும் அதே போரான் தனிமம்தான் இருக்கிறது என்றதும், சித்தப்பா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார். செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வுக்கு வெளியே தேங்கும் புரோட்டான்கள் (நேர்மின்னூட்ட ஹைட்ரஜன் துகள்கள்) நொதியின் வழியே உள்ளே திரும்பும்போதுதான் செல் செலவிடும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாகிறது என்பது 1961-இல் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் முன்வைத்த கருத்து. பத்து போரான் அணுக்களும் இரண்டு கார்பன் அணுக்களும் கொண்ட கார்போரேன் கூட்டில் அமிலத் தொகுதி ஒன்றைப் பொருத்தினால், நீரை விலக்கிக் கொழுப்பை நாடும் அக்கூடு புரோட்டானைச் சுமந்து சவ்வைக் கடந்து, உள்ளே இறக்கிவிட்டு, எதிர்மின்னூட்டத்தோடு வெறுங்கையாகத் திரும்பக்கூடும். மேட்டூரில் மின்சுழலியைச் சுற்றாமலே அணைநீர் கசிவதைப் போல, புரோட்டான்களின் ஆற்றல் ஏடிபி ஆகாமல் வெப்பமாகிப் போகும். 1930-களில் உடல் இளைக்க விற்கப்பட்ட டைநைட்ரோபீனாலும் இவ்வாறே இயங்கி, உடல் கொதித்துச் சிலர் இறக்கக் காரணமானது. “அப்போ நான் இளைக்க வெங்காரம் போதுமா?” என்றார் சித்தப்பா. டப்பாவை எட்ட வைத்தேன்.